தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்கிறவர்கள்

தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டவர் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு விசாவில் தொடங்கும். அடுத்து தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு, வங்கிக் கணக்கு, வரி, புகைமூட்டம், சாலை. கடைசியில்தான் அரசியல், அது வரும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பாங்காக்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு பல ஆண்டுகளாக இந்தப் பேச்சுகளைக் கேட்டு வருகிறேன், கலந்துகொண்டும் வருகிறேன். இந்த நாட்டைப் பற்றி ஒருவர் என்ன கருதுகிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் முத்திரைதான் முடிவு செய்கிறது. யாருடைய கருத்து ஓங்கிக் கேட்கிறது, யாருடையது காதில் விழுவதே இல்லை என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

ஐம்பது வயதைத் தாண்டி ஓய்வுக்கால அனுமதியில் தங்கியிருப்பவர், வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பிரிட்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஓய்வூதியம் பெறும் அவருக்கு நாட்டு நடப்பு என்பது அன்றைய நாணய மாற்று விகிதம். பாட் வலுப்பெற்றால் அவருடைய மருந்துச் செலவும் வாடகையும் நெருக்கும். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2024 ஜூலையில் வந்த ஐந்தாண்டு விசாவில் மடிக்கணினியோடு வருகிற இளைஞருக்குக் கேட்கப்படுவது 5 லட்சம் பாட் சேமிப்பு. ஒருமுறை நுழைந்தால் 180 நாள் இருக்கலாம். அவருக்குத் தாய்லாந்து மலிவான, சிரித்த முகமுள்ள நாடு. நிறுவனம் அனுப்பி வைத்த குடும்பங்கள் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேசும். இவர்கள் எல்லோருடைய கருத்தும் எங்காவது அச்சாகிறது, அல்லது பேசப்படுகிறது. இந்த நாட்டில் உள்ள வெளிநாட்டவரில் மிகப் பெரும்பாலோர் மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். மீன்பிடிப் படகிலும் கட்டட வேலையிலும் சமையல்கட்டிலும் இருக்கிற அவர்களிடம் தாய்லாந்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்ல, சேங் வத்தனா சாலையில் குடிநுழைவு அலுவலகம் உள்ள அரசு வளாகத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். விமான நிலையம் போல உயர்ந்த கூரை. காலை எட்டரை மணிக்கு முன்பே வரிசை. கீழ்த்தளத்தில் நகல் எடுத்துக் கொடுக்கும் கடைகள். அங்கே இருக்கும் பெண்கள் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி, எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று உங்களைக் கேட்காமலே புரட்டி நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார்கள். குடிநுழைவு அதிகாரிகளைவிட அவர்களுக்கு விதிகள் நன்றாகத் தெரியும் என்பது என் கணிப்பு. டோக்கன் எண் கூப்பிடப்படும். அதிகாரி உங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவைகூட இருக்காது. ஒரு சிறு துண்டுச் சீட்டில் அடுத்த தேதியை அச்சிட்டு, பாஸ்போர்ட்டின் பக்கத்தில் பின் அடித்துக் கொடுத்துவிடுவார். இப்போது பலர் இதை இணையத்திலேயே முடித்துவிடுகிறார்கள் என்றாலும் விதி மாறவில்லை.

1979-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் இது. தொடர்ந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் 2,000 பாட். வீட்டில் வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அறிவிக்க வேண்டும். மேற்கத்திய நண்பர்கள் இதைத் தங்கள்மீதான சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு கொதிப்பார்கள். இந்தியனாக என்னால் அவ்வளவு கொதிக்க முடியவில்லை. நம் ஊரிலும் வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் படிவம் அனுப்பியாக வேண்டும், நீண்டகால விசாவில் வருபவர் பதிவு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். எனக்குக் கவலை தருவது இந்தத் துண்டுச் சீட்டு காலப்போக்கில் மனதுக்குள் செய்யும் வேலை. இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தவரும் நேற்று வந்தவரும் ஒரே சீட்டைத்தான் வாங்குகிறார்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமை ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்புக்குள். நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை மட்டுமே வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். இப்படி வைக்கப்பட்ட மனிதர், மூன்று மாதத் தவணையில் யோசிக்கப் பழகிவிடுகிறார். பத்தாண்டு கழித்து இந்தத் தெரு எப்படி இருக்கும் என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. அவர் கருத்துகள் கோபமாக இருக்கும், ஆனால் ஆழம் இருக்காது. குறை சொல்வார், பின்தொடர மாட்டார்.

இரட்டை விலை பற்றிய கோபம் அதற்கு நல்ல உதாரணம். காவ் யாய் தேசியப் பூங்காவில் வயது வந்த வெளிநாட்டவருக்கு 400 பாட், தாய்லாந்து மக்களுக்கு 40. பல இடங்களில் உள்ளூர் விலையைத் தாய் எண்களில் எழுதியிருப்பார்கள், அந்த எழுத்து தெரியாதவர் கண்ணில் படாது. இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களை எனக்குத் தெரியும். நம் மாமல்லபுரத்திலும் கடற்கரைக் கோயிலைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவர் என்ற முறையில் தாய்லாந்துப் பயணிக்கு அங்கே 40 ரூபாய்தான். அதே கூட்டமைப்பைச் சேர்ந்த இந்தியன் காவ் யாய் வாசலில் 400 கொடுக்கிறான். இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்கக்கூடிய சிறிய விஷயம் இது, தீர்த்தால் நல்லது. ஆனால் அன்று காட்டுக்குள் தீ எரிந்துகொண்டிருந்தால் வாசல் கட்டணம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

நான் பேச விரும்புவது அந்தத் தீயைப் பற்றி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்த நாட்டின் காற்று நஞ்சாகிறது. மத்தியச் சமவெளியில் வைக்கோலும் கரும்புத் தோகையும் எரிகின்றன. வடக்கே காடு எரிகிறது. மியன்மாரின் ஷான் மாநிலத்திலும் லாவோஸிலும் மக்காச்சோளக் காடுகள் எரிந்து அந்தப் புகை எல்லை தாண்டி வருகிறது. பாங்காக்கில் இவற்றோடு டீசல் வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. மார்ச் மாதத்தில் சியாங் மாய் உலகின் மிக மாசுபட்ட நகரங்களின் வரிசையில் முன்னால் நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரியில் பாங்காக்கில் 350-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. வண்டிகளை வீட்டில் விட்டு வரட்டும் என்று அரசு ஒரு வாரம் ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணமில்லாமல் போக விட்டது. அந்த வாரம் எங்கள் தெரு முனையில் ஆரஞ்சு அங்கி போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் வழக்கம்போல நின்றிருந்தார்கள். முகத்தில் வெறும் துணி முகமூடி. அதில் மூத்தவர் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார். ரயில் இலவசம் என்பதால் அன்றைக்கு அவருக்குச் சவாரியும் குறைவு.

சியாங் மாயில் வசதியுள்ள வெளிநாட்டவர் பலர் புகைக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். போவதில் தவறில்லை, நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அங்கிருந்து அவர்கள் சொல்லும் தீர்ப்பு, எரிக்கிற விவசாயியைப் பிடித்து உள்ளே போடு என்பது. கரும்பை எரித்துவிட்டு வெட்டினால் கூலியும் நேரமும் குறைகிறது. எரித்த கரும்பையும் ஆலை வாங்கிக்கொள்கிறது. மலைச்சரிவில் மக்காச்சோளம் கால்நடைத் தீவனத்துக்காக விளைகிறது, அதை வாங்குவது பெரிய நிறுவனங்கள். தீக்குச்சி கிழிக்கிறவனை மட்டும் பார்ப்பது எளிது. சியாங் மாய் மக்கள் அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் 2023-இல் பிரதமர் மீதும் அரசு அமைப்புகள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள்; 90 நாளுக்குள் அவசரத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் தூய காற்றுச் சட்டத்துக்கான ஏழு வரைவுகள் நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பைக் கடந்தன. அவற்றில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த வரைவும் உண்டு. 2025 அக்டோபரில் ஒருங்கிணைந்த மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. எங்கள் பேச்சுகளில் எந்தக் காற்றுச் சுத்திகரிப்பான் நல்லது என்பது அடிக்கடி வரும். இந்த மசோதா வருவதே இல்லை. இதே காற்றைச் சுவாசிப்பவர்கள் என்ற முறையில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

சாலையும் அப்படித்தான். 2022 ஜனவரியில் பாங்காக்கின் பயா தாய் சாலையில், பாதசாரிக் கோடுகளின் மேல் கடந்துகொண்டிருந்த இளம் கண் மருத்துவர் ஒருவர், போலீஸ்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். நாடே கொதித்தது, பல இடங்களில் கோடுகளுக்கு மேல் சிவப்பு வண்ணம் பூசினார்கள். இன்றும் அந்தக் கோட்டில் வண்டி நிற்கும் என்று நம்பி நான் காலை வைப்பதில்லை.

குறை சொல்ல இடமும் இருக்கிறது. டிராஃபி ஃபாண்டூ என்ற செயலியில் உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, அடைத்த சாக்கடை எதையும் படமெடுத்து இடத்தைக் குறித்து அனுப்பலாம். 2022-இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாட்சார்ட் சிட்டிபன் பாங்காக் மாநகராட்சியை அதோடு இணைத்த பிறகு அதற்கு உயிர் வந்தது. அனுப்புகிறவர் எந்த நாட்டவர் என்று அது பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் மிதித்தால் அழுக்கு நீர் பீய்ச்சியடிக்கும் ஒரு நடைபாதைக் கல் இருந்தது. புகார் அனுப்பிய பின் இரண்டு தொழிலாளிகள் வந்தார்கள். கல்லைப் பெயர்த்து, அடியில் மணல் கொட்டி இடித்து, மட்டம் பார்த்துப் பதித்துவிட்டு, முடிந்த வேலையைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றினார்கள். எதிர்வீட்டு அம்மா அந்தப் படத்தை என் போனில் பார்த்துவிட்டு, அடுத்த புகாரைத் தானே தாய்லாந்து மொழியில் தட்டச்சு செய்தார். ஒரு மாத உரையாடலில் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு கல்லில் எங்களுக்கு வந்தது.

வரிக்கும் இதில் பங்குண்டு. ஆண்டில் 180 நாளுக்குக் குறையாமல் இங்கே இருப்பவர், வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1 முதல் இறுக்கப்பட்டது. முன்பு ஓராண்டு தள்ளிக் கொண்டுவந்தால் வரியில்லை. இதைக் கேட்டு என்னிடம் பதற்றத்தோடு வந்தவர்கள் அநேகம். நான் இதை நியாயம் என்றே கருதுகிறேன். இரட்டை வரி வராமல் பார்த்துக்கொள்ள ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையும் சாலையும் யாரோ கட்டும் வரியில்தான் நடக்கின்றன. தெருமுனைத் தள்ளுவண்டிக்காரர்கூடக் கடையில் பல பொருள்களை 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

அரசியல் பற்றி என் நண்பர்களிடம் நான் கேட்டு வருந்தும் வாக்கியம் ஒன்று உண்டு: தாய் மக்களுக்கு அரசியல் அக்கறை கிடையாது, எதையும் சிரித்துக் கடந்துவிடுவார்கள் என்பது. 2023 மே 14 தேர்தலில் வாக்களித்தவர்கள் 75 சதவீதம். மூவ் ஃபார்வர்ட் கட்சி 151 இடங்களோடு முதலிடம். பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32 அதற்கு. ஆனால் ராணுவ ஆட்சி நியமித்த 250 பேர் கொண்ட செனட் என்ற மேலவை, அந்தக் கட்சியின் தலைவர் பிதா லிம்ஜாரோன்ராட்டைப் பிரதமராக விடவில்லை. 2024 ஆகஸ்ட் 7-இல் அந்தக் கட்சியையே அரசியல் சாசன நீதிமன்றம் கலைத்தது. ஒரு வாரம் கழித்து பிரதமர் ஸ்ரெத்தா தவீசினையும் பதவியிலிருந்து நீக்கியது. அவருக்குப் பின் வந்த பேதொங்தான் சினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு பேசிய தொலைபேசி உரையாடல் வெளியானதால் 2025 ஆகஸ்ட் 29-இல் அதே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டார். செப்டம்பரில் அனுதின் சார்ன்விரகுல் பிரதமரானார். இவ்வளவையும் பார்த்துவிட்டு, சலிக்காமல் வரிசையில் நின்று வாக்களிக்கிற மக்களை அக்கறையற்றவர்கள் என்று சொல்வது அநியாயம்.

நாங்கள் குரல் தாழ்த்துவதற்குக் காரணம் இருக்கிறது. அரச குடும்பத்தை அவமதித்தல் பற்றிய குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. பிட்சனுலோக்கில் நரேசுவன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர் பால் சேம்பர்ஸ், ராணுவம் கொடுத்த புகாரின்பேரில் 2025 ஏப்ரலில் இந்தப் பிரிவில் கைதானார். மே மாதத்தில் அரசு வழக்கறிஞர்கள் வழக்கைத் தொடர வேண்டாமென்று முடிவு செய்தார்கள். ஆனால் அவர் விசா அதற்குள் ரத்து செய்யப்பட்டிருந்தது, நாட்டைவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டவரை அமைதியாக்க 90 நாள் சீட்டை எடுத்துக்கொண்டாலே போதும். தாய் இளைஞர்களுக்கு நாட்டைவிட்டுப் போகும் அந்த வாசலும் கிடையாது. இதே பிரிவில் தண்டனை பெற்றவர்கள் சிறையில் இருக்கிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் ஓங்கிப் பேசுவதைவிட, விலை கொடுக்கிறவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே படித்துப் புரிந்துகொள்வதுதான் நாங்கள் செய்ய வேண்டியது என்று நினைக்கிறேன். பல வருடம் இங்கே வாழ்ந்தும் தாய் எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் நாட்டின் அரசியலுக்குத் தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 மார்ச் 28 மதியம் மியன்மாரில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த பாங்காக்கும் ஆடியது. சதுசாக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த அரசு தணிக்கை அலுவலகத்தின் உயரமான கட்டடம் சில நொடிகளில் சரிந்து விழுந்தது. அடுத்த சில வாரங்கள் வெளிநாட்டவர் பேச்சு முழுவதும் குடியிருப்புச் சுவர்களில் விழுந்த வெடிப்பு, வாடகை ஒப்பந்தத்தை முறிக்கலாமா, காப்பீடு கிடைக்குமா என்பதாக இருந்தது. இடிபாடுகளுக்கு வெளியே குடும்பத்தினர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். புதைந்துபோன தொழிலாளர்களில் மியன்மாரிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஊரில் வீடு இடிந்த அதே நடுக்கத்தில் இங்கே உறவைப் பறிகொடுத்தவர்களின் நிலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அதே ஆண்டு ஜூலை 24-இல் கம்போடிய எல்லையில் சண்டை மூண்டது. சீசாக்கெட் மாகாணத்தின் காந்தாரலக் பகுதியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் ராக்கெட் விழுந்து பொதுமக்கள் இறந்தார்கள்; இரு பக்கமும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். எங்கள் தெருவில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் அக்கா சீசாக்கெட்காரர். அன்று அவர் உரலில் இடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் முகாமின் இரைச்சல். தெருவுக்கு எதிரே கட்டட வேலைத் தளத்தில் தகரக் கொட்டகையில் இருந்த கம்போடியத் தொழிலாளர்கள் அவருடைய தினசரி வாடிக்கையாளர்கள். அவர்கள் அன்றும் வந்தார்கள். அவர் கொடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. சில நாட்களில் கொட்டகை காலியானது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான கம்போடியர்கள் அப்படித்தான் திரும்பிப் போனார்கள். ஹுன் சென்னையும் ராணுவத் தளபதிகளையும் அலசிய எங்கள் பேச்சுகளில், அந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி கிடைத்ததா என்ற கேள்வி எழவே இல்லை. அக்காதான் கேட்டார். தனக்கு வர வேண்டிய பாக்கியைப் பற்றியல்ல, அவர்களுக்கு வர வேண்டியதைப் பற்றி.

அந்தக் காலியிடத்தை நிரப்ப, முதல் கட்டமாக இலங்கையிலிருந்து 10,000 தொழிலாளர்களைக் கொண்டுவரத் தாய்லாந்து அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அதனால் இந்தப் பதிவை இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கும், அவர்களுடைய உறவினர்களுக்கும் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வாழும் வெளிநாட்டவர் எழுதுவதைப் படித்துவிட்டு வராதீர்கள். அவை வேறு விசாக்காரர்களின் தாய்லாந்து. பாங்காக்கில் 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச நாள்கூலி 400 பாட். மாகாணத்துக்கு மாகாணம் இது மாறும், போகப்போகும் இடத்தின் தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டையோ வேலை அனுமதியையோ பிடித்து வைத்துக்கொள்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிலாளர் அமைச்சின் உதவி எண் 1506. அந்த எண்ணில் தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பாங்காக்கில் அப்படி யாரும் கிடைக்காவிட்டால் இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள், நான் உடன் வருகிறேன்.